விரல்கள் யாருடையவை?

சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தோழி என் சமையலறைக்குள் நுழைந்ததும் முதலில் ஜன்னலைச் சாத்தினாள். பிறகுதான் பையிலிருந்து ஜின் பாட்டிலை எடுத்தாள். பெருங்களத்தூரில் எங்கள் அடுக்ககத்தின் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சமையலறைதான் தெரியும். நாற்பதைக் கடந்த இரண்டு பெண்கள், இருவரும் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள், சொந்தச் சம்பளத்தில் வாழ்கிறவர்கள். ஆனாலும் எங்கள் கை தானாக ஜன்னலுக்குத்தான் போனது.

அன்று அவள் செய்துகாட்டியது ஜிம்லெட். அளவு குவளை இல்லாததால் இருமல் மருந்தின் மூடியைக் கழுவி எடுத்துக்கொண்டோம். ஆறு மூடி ஜின், இரண்டு மூடி எலுமிச்சைச் சாறு, இரண்டு மூடி சர்க்கரைப் பாகு. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஐஸ் கட்டிகளோடு ஊற்றி மூடி, பாட்டிலின் வெளிப்புறம் பனி பூக்கும்வரை குலுக்க வேண்டும். டீ வடிகட்டியில் வடித்து டம்ளரில் ஊற்ற வேண்டும். குலுக்கியபடியே அவள் ஒவ்வொரு பானத்துக்கும் ஒரு கதை சொன்னாள். அட்மிரல்கள், கப்பல் மருத்துவர்கள், காலனிய அதிகாரிகள் வந்துபோனார்கள்.

வாசலில் அம்மா வந்து நின்றது எங்களுக்குத் தெரியவில்லை. "இந்த வாசனைக்குப் பயந்தே என் ஆயுசு போச்சு. நீ அதை டம்ளர்ல ஊத்தி வச்சிருக்க" என்றாள். திட்டவில்லை. சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

என் அப்பா குடித்தவர். அரிசிக்கான பணத்தை அம்மா மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் ஒளித்துவைப்பாள். அதையும் அவர் கண்டுபிடித்துவிடுவார். இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இதைப் படிக்கிற பெண்களில் பலருக்கு மிச்சம் தெரியும். தோழியின் கதைகளுக்கும் அம்மாவின் அந்த ஒரு வாக்கியத்துக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தோழியின் கதைகளை ஒரு பிரதியாக எடுத்துக்கொள்வோம். காக்டெயில் வரலாறு என்பது இன்று தனியொரு எழுத்துவகை. செய்முறைக்கு முன்னால் ஒரு பத்தி வரலாறு வரும். அந்தப் பத்தியில் நம் மண்ணும் வரும். 'பஞ்ச்' என்ற சொல்லை 'ஐந்து' என்ற பொருள்தரும் இந்தியச் சொல்லோடு இணைத்துப் பேசுவது வழக்கம்: சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், மசாலா என ஐந்து பொருள்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, 1632இல் சோழமண்டலக் கரையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுக்கு எழுதப்பட்ட கடிதம். ஆக, ஐரோப்பாவின் விருந்துகளை ஆண்ட அந்தப் பானம் நம் கரைகளிலிருந்து கப்பலேறியது என்று பெருமைப்படலாம். ஆனால் அந்தச் சாராயத்தைக் காய்ச்சியவர் யார், எலுமிச்சையைப் பிழிந்தவர் யார்? இந்தக் கேள்விகள் அந்தப் பத்திக்குள் வருவதில்லை.

ஜின் டானிக்கின் கதையும் அப்படித்தான். மலேரியாவுக்குப் பயந்த வெள்ளை அதிகாரிகள் கசப்பான குயினைனை ஜின்னோடு கலந்து குடித்தார்கள் என்று அழகாகச் சொல்வார்கள். அந்தக் குயினைனுக்காகத்தான் 1860களில் நம் நீலகிரியில் சிங்கோனா மரங்கள் நடப்பட்டன. நடுவட்டத்தில் ஒரு சிறை இருந்தது. சீனக் கைதிகள் அந்தத் தோட்டங்களில் வேலை வாங்கப்பட்டார்கள். மாலை வெயிலில் வராந்தாவில் அமர்ந்து குவளையை உயர்த்தும் அதிகாரியின் படம் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பட்டை உரித்த கைகளின் படம் வந்து சேரவில்லை.

பெண் இருந்த இடத்திலும் இதுதான் கதி. லண்டன் சவாய் ஹோட்டலின் அமெரிக்கன் பாருக்கு 1903இல் தலைமை ஏற்றவர் அடா கோல்மன் என்ற பெண். ஜின், இனிப்பு வெர்முத், கசப்பு மூலிகை மதுவான ஃபெர்நெட் பிராங்கா சேர்த்து அவர் உருவாக்கிய 'ஹாங்கி பாங்கி' இன்றும் உலகெங்கும் கலக்கப்படுகிறது. ஆனால் அந்த மதுக்கூடத்தின் புகழை நிலைநிறுத்திய நூல் 1930இல் வந்தபோது, அட்டையில் இருந்தது அவருக்குப்பின் அந்தப் பொறுப்புக்கு வந்த ஹாரி கிராடாக்கின் பெயர்.

இதையெல்லாம் மேலைநாட்டு எழுத்தின் குறை என்று தள்ளிவிட முடியாது. நான் ஆய்வு செய்த, இருபதாண்டாக நடத்திவரும் சங்க இலக்கியத்துக்குள்ளும் ஒரு மது செய்முறை இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் 500 அடிப் பாட்டு. பாணன் நடந்துபோகும் வழி தொண்டை நாடு. நான் இந்தக் கட்டுரையை எழுதும் பெருங்களத்தூரும் அந்த நாட்டுக்குள்தான் வரும்.

வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைக்கப்போகும் கள் எப்படி உருவானது என்று புலவர் படிப்படியாகச் சொல்கிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவ வேண்டும். அகன்ற வாயுள்ள தட்டில் பரப்பி ஆற வைக்க வேண்டும். புற்றின் உட்புறம்போலத் தோன்றும் அடையை அதில் கலக்க வேண்டும். அது முளைநெல்லால் ஆனது என்று உரை விளக்கும். இரண்டு பகல், இரண்டு இரவு கழியவேண்டும். சாடியில் முற்றியதும் விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். நொதித்தலின் அறிவியல் அத்தனையும் சில அடிகளில் அடங்கியிருக்கிறது. காய்ச்சியெடுக்கும் சாராயம் இல்லை இது, தானியக் கள். எந்தக் காக்டெயில் நூலின் பக்கத்தோடும் இதை வைத்துப் படிக்கலாம்.

ஆனால் இலக்கணக் கண்ணோடு படித்துப் பாருங்கள். ஆற்றுவது, கலப்பது, கழியவிடுவது எல்லாம் வினையெச்சங்களாக ஒன்றோடொன்று கோத்து வருகின்றன. எழுவாய் இல்லை. செய்தவர் யார் என்று பாட்டு சொல்லாமலே நகர்ந்து, கடைசியில் சுட்ட மீனோடு பானத்தைப் பாணன் கையில் கொடுத்துவிடுகிறது. அந்தச் செய்முறை முழுவதிலும் மனித உடல் என்று ஒன்று வருவது ஒரே இடத்தில்தான்: விரல். அந்த விரல்கள் யாருடையவை?

பெண்ணுடையவை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பாட்டு அதற்கு இடம் தரவில்லை. ஆனால் அதே பாட்டு வேறோரிடத்தில் வீட்டில் சமைத்த கள்ளைத் 'தோப்பி' என்கிறது. வீட்டுக்குள் களி துழாவுவது யார் வேலை என்பதைச் சங்க காலத்துக்கும் நம் காலத்துக்கும் பொதுவாகவே ஊகிக்கலாம். வாசகர்களாகிய நாம் இத்தனை காலம் அந்த ஊகத்தைக்கூடச் செய்யாமல் கடந்தோம் என்பதுதான் என் கவலை. நான் முனைவர் பட்டத்துக்காக இந்தப் பகுதியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். விரலை அப்போது பார்க்கவில்லை.

பெண்ணின் கை தெளிவாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. அது ஊற்றும் இடம். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார்: யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மதுவைப் பொன் கலத்தில் ஏந்தி வளையணிந்த மகளிர் நாள்தோறும் ஊட்ட, நீ இனிது வாழ்க என்று. பொருநராற்றுப்படையிலும் பொற்கலம் நிறைய நிறைய வார்த்துத் தருபவர்கள் மகளிரே. தோழி பரிசோதித்துக்கொண்டிருந்த இறக்குமதி மதுவின் ஆடம்பரம், அதை ஊற்றும் அழகிய பெண், வாங்கிக் குடிக்கும் ஆண் என்ற காட்சி அப்போதே முழுமையாக அமைந்துவிட்டது. இன்றைய மது விளம்பரங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

குடித்த பெண்ணும் இருக்கிறாள். பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து இரவில், துணையோடு கூடிய பெண்கள் பட்டாடையை நீக்கி மெல்லிய துகில் உடுக்கிறார்கள்; மட்டை விட்டு மதுவை விரும்பிக் குடிக்கிறார்கள். அதில் பழி இல்லை, வெட்கமும் இல்லை. கள் விற்ற பெண்ணும் இருக்கிறாள். 'அரியற்பெண்டிர்' என்று அகநானூறு அவளுக்குப் பெயரே வைத்திருக்கிறது.

இவர்கள் எல்லோருக்கும் மேலாக ஒளவை இருக்கிறாள். புறநானூற்றின் 235ஆம் பாட்டு, அதியமான் இறந்தபின் அவள் பாடியது. அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லத் தொடங்குகிறவள் அவன் வீரத்தையோ கொடிவழியையோ முதலில் எடுக்கவில்லை, கள்ளை எடுக்கிறாள். கொஞ்சம்தான் கிடைத்ததென்றால் அதை எங்களுக்கே தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் சேர்ந்து மகிழ்ந்து உண்பான். இந்தப் பாட்டில் ஒளவை ஊற்றிக் கொடுப்பவள் இல்லை. கதவோரம் நிற்பவளும் இல்லை. அரசனுக்குச் சமமாக அமர்ந்திருக்கிறாள். அவள் பங்கு முதலில் எண்ணப்படுகிறது. அவள் இழந்ததாகச் சொல்லி அழுவது அந்த இருக்கையையும்தான் என்று நான் வாசிக்கிறேன்.

இதை வகுப்பில் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவி கேட்பாள்: "மேம், ஒளவைப் பாட்டி குடிச்சாங்களா?" வகுப்பு சிரிக்கும். அவர்கள் மனத்தில் இருப்பது ஆத்திசூடி சொன்ன கிழவி, 1953இல் வந்த ஜெமினி படத்தின் கே.பி. சுந்தராம்பாள், மெரினாவில் நிற்கும் சிலை. ஒளவை என்ற பெயரில் வெவ்வேறு காலத்துப் புலவர்கள் இருந்தார்கள் என்று விளக்கிவிட்டால் சிரிப்பு அடங்கும். நான் மாணவியாக இருந்தபோது கையில் கிடைத்த கையேடு ஒன்று இந்தப் பாட்டில் வரும் கள்ளை 'இனிய பானம்' என்று எழுதிக் கடந்துபோனது. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றியபோது அந்த ஒளவை நமக்குத் திரும்பக் கிடைத்தாள். கிடைத்தவளின் கையிலிருந்து கலத்தை வாங்கி வைத்துவிட்டுத்தான் நாம் அவளை வகுப்பறைக்குள் விட்டோம்.

இவ்வளவையும் எழுதிய பிறகும் அம்மா வாசலில் நிற்கிறாள். அவளுக்கு ஒளவையைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில், 923ஆம் குறள், பெற்றவள் முகத்திலேயே குடிமயக்கம் துன்பம் தரும் என்கிறது. அங்கே பெண் சாட்சியாக வருகிறாள்: பார்க்கிறவள், பொறுக்கிறவள். நம் மாநிலத்தின் மதுக் கொள்கையும் அவளை அந்த இடத்திலேயே வைத்திருக்கிறது. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோதும், 1971இல் அது தளர்த்தப்பட்டபோதும், 1983இல் டாஸ்மாக் பிறந்தபோதும், 2003இல் சில்லறைக் கடைகளையே அரசு எடுத்துக்கொண்டபோதும், 'தாய்மார்கள்' என்ற சொல் மேடையில் இருந்தது. முடிவெடுத்த மேசையில் அவர்கள் இருந்ததில்லை. கடையை மூடச் சொல்லித் தெருவில் உட்கார்ந்த பெண்கள் ஒருநாளும் ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் பேசியதில்லை. அவர்கள் கேட்டது கூலியை, பாத்திரத்தை, உடம்பில் அடிபடாத ஓர் இரவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அந்தப் பெண்கள் எதற்காகக் குடித்தார்கள், என்ன வலிக்காகக் குடித்தார்கள் என்று கேட்க நமக்கு ஒரு சொல்லும் இல்லாமல் போனது.

பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணை விலக்கும் சட்டமும் பார்த்திருக்கிறோம். மதுக்கூடங்களில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்த 1914ஆம் ஆண்டுப் பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டப் பிரிவை, 2007இல் அனுஜ் கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. இலங்கையில் பெண்கள் மது வாங்கக்கூடாது என்ற 1979ஆம் ஆண்டுத் தடை 2018 ஜனவரியில் நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே ஜனாதிபதியின் சொல்லால் திரும்பவும் வந்தது. குடிக்கிற ஆணைக் கட்டுப்படுத்த முடியாத அரசுகளுக்குக் குடிக்காத பெண்ணைக் கட்டுப்படுத்துவது எளிதாக இருக்கிறது.

மறுநாள் காலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அம்மாவே பேசினாள். "எங்க ஆயா கள்ளு குடிப்பா, தெரியுமா? நடவு முடிஞ்சு வந்து, குளிச்சிட்டு, திண்ணையில உக்காந்து குடிப்பா. எங்க தாத்தா பக்கத்துல உக்காந்திருப்பாரு. யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

மதுராந்தகம் பக்கத்துக் கிராமம் அது. நான் கேள்விப்படாத கதை. நாங்கள் படித்து, வேலைக்கு வந்து, 'நல்ல குடும்பம்' ஆன வழியில் எங்கோ அந்த ஆயாவைத் திண்ணையிலிருந்து எழுப்பி உள்ளே அனுப்பியிருக்கிறோம். 1987இலிருந்து கள்ளும் சட்டப்படி இல்லை. மரத்தடியிலும் திண்ணையிலும் இருந்த குடி, பாட்டிலுக்குள் புகுந்து, ஆண்கள் மட்டுமே நிற்கும் கடை வாசலுக்குப் போனது. ஆயாவின் பேத்திக்குக் கிடைத்தது அந்த வாசனையின் பயம் மட்டும்.

பெண்கள் குடிக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. கையில் கோப்பை ஏந்தினால் விடுதலை வந்துவிடும் என்று விற்கிறவர்களையும் நம்பவில்லை. அந்த விடுதலைக்கு ஜன்னல் சாத்த வேண்டியிருக்கிறது, விமான நிலையத்தில் வாங்கிய பாட்டில் தேவைப்படுகிறது. குடிப்பதா வேண்டாமா என்பதைவிட, உட்கார இடம் இருந்ததா என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒளவைக்கு இருந்தது. அம்மாவின் ஆயாவுக்கு இருந்தது. அம்மாவுக்கு இல்லை. எனக்கு, கதவையும் ஜன்னலையும் சாத்தினால் இருக்கிறது.

இந்தப் பருவத்தில் பெரும்பாணாற்றுப்படை நடத்தும்போது மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். கள் சமைக்கும் அந்தப் பகுதியை உரைநடையில் எழுதுங்கள், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் எழுவாய் வையுங்கள் என்றேன். நெடுநேரம் எழுதினார்கள். எல்லோரும் ஒரே எழுவாயை வைக்கவில்லை என்பது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

தோழி ஊருக்குப் போன பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். ஜின் பாட்டில் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. முன்னால் ஒரு கண்ணாடி ஜாடி. நாங்கள் பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல்களையெல்லாம் பொறுக்கி, நறுக்கி, உப்பில் ஊறப்போட்டிருந்தாள் அம்மா.