அளப்பவர் யார்? ஆசிய உற்பத்தித்திறன் அமைப்பின் சீர்திருத்தம் குறித்து

2025 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த 67-ஆவது ஆட்சிக் குழுக் கூட்டத்தில் ஆசிய உற்பத்தித்திறன் அமைப்பின் ஓராண்டுத் தலைமைப் பொறுப்பு இந்தியாவுக்கு வந்தது. இதையொட்டி, அவ்வமைப்பின் ஆட்சிமுறை, வரவுசெலவுச் சீர்திருத்தங்களுக்கு ஆதரவாக வழக்கமாக முன்வைக்கப்படும் ஒரு வாதத்தைச் சற்று நிறுத்திப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது. திட்டங்கள் இன்று தொலைநோக்கு ஆவணங்களோடு பிணைக்கப்பட்டுள்ளன, ஒவ்வொரு செலவுக்கும் எதிரே ஒரு பலன் எழுதப்படுகிறது, ஆகவே பிறருக்கு உற்பத்தித்திறனைப் போதித்துவந்த அமைப்பு அதைத் தானும் கடைப்பிடிக்கத் தொடங்கிவிட்டது என்பது அவ்வாதம்.

மெச்சத்தக்கவை இல்லாமல் இல்லை. அடுத்தடுத்து ஜப்பானியர்களே வகித்துவந்த பொதுச்செயலாளர் பதவி 2016-இல் தாய்லாந்தைச் சேர்ந்த ஒருவருக்கும், அவருக்குப் பின் இந்தோனேசியர் இருவருக்கும் சென்றதால், மிகுதியாகப் பங்குத்தொகை செலுத்தும் நாடே நிர்வாகத்தையும் கையில் வைத்திருக்கும் வழக்கம் தளர்ந்தது. ‘தொலைநோக்கு 2025’ சிதறிக்கிடந்த பயிலரங்குகளை ஒரு நோக்கின்கீழ்க் கொண்டுவர முயன்றது. பங்குத்தொகை டாலரில் வர, டோக்கியோ செயலகத்தின் சம்பளமும் வாடகையும் யென்னில் போகும் ஓர் அமைப்பு, ஒரு டாலருக்கு 80 யென்னுக்கும் குறைவாகக் கிடைத்த 2011-ஐத் தாண்டி வந்திருப்பதும் பாராட்டுக்குரியதே. (2022-இல் ஒரு டாலர் 150 யென்னைத் தொட்டபின் மிஞ்சிய பணத்தில் சிக்கனத்தின் பங்கு எவ்வளவு, யென்னின் சரிவுடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதில்தான் யாருக்கும் அவசரம் இருப்பதில்லை.)

சீர்திருத்தத்தின் மையக் கருத்து பலன்சார் வரவுசெலவு எனப்படுவது. அதாவது, பணம் எதற்குச் செலவாயிற்று என்று கேட்பதோடு நில்லாமல் அதனால் என்ன மாறிற்று என்றும் கேட்டு, அந்த விடையைக் கொண்டு அடுத்த ஒதுக்கீட்டை முடிவுசெய்யும் முறை. 2000 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தன் வரவுசெலவுக்கு இதை ஏற்றுக்கொண்டபின் பன்னாட்டு அமைப்புகள் பலவற்றில் இது பரவியது. செய்து முடித்த பணி வேறு, அதனால் விளைந்த மாற்றம் வேறு என்னும் பாகுபாடே இதன் உயிர்நாடி: பயிலரங்கு நடத்துவது பணி, பயின்றவரின் தொழிற்கூடத்தில் கழிவு குறைவது மாற்றம். முன்னதை எண்ணுவது எளிது, பின்னதை அறிவது கடினம். எண்ண எளிதானது அறியக் கடினமானதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது முறையின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

இந்த இடமாற்றம் 2020-இல் வெளிச்சத்துக்கு வந்தது. உற்பத்தித்திறன் என்பது வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்துக் கிடைக்கும் விகிதம். பெருந்தொற்றில் பயிற்சிகள் இணையவழிக்கு மாறியபோது விமானக் கட்டணமும் விடுதிச் செலவும் ஒழிந்தன, உள்ளீடு சுருங்கிற்று. திரைக்கு முன்னால் எத்தனை பேரையும் அமர்த்தலாம் என்பதால், பங்கேற்போரின் தலைக்கணக்கையே வெளியீடாகக் கொண்டால் விகிதம் தானாகவே உயரும். ஒருவர்கூட எதையும் கற்காவிட்டாலும் உயரும். தன் சொந்தச் சூத்திரத்தின் மேல்பாகத்தில் எதை வைப்பது என்ற கேள்வியைக் கேளாமலே பெறும் இத்தகைய உயர்வைச் சீர்திருத்தத்தின் வெற்றியாகக் காட்டுவது, உற்பத்தித்திறனையே தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்புக்கு அழகல்ல. கெய்யோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இவ்வமைப்பே ஆண்டுதோறும் வெளியிடும் உற்பத்தித்திறன் தரவுநூல், மொத்தக் காரணி உற்பத்தித்திறனை, அதாவது கூடுதல் உழைப்பாலும் மூலதனத்தாலும் விளக்க முடியாமல் எஞ்சும் வளர்ச்சியை, நாடு நாடாகப் பிரித்துக் காட்டுகிறது. அந்நூலைத் தயாரிப்பவர்களுக்குத் தலைக்கணக்கின் வறுமை தெரியாதிருக்க வழியில்லை.

ஆகவே குறை அறியாமையில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. 1961 மே 11 அன்று எட்டு நாடுகளோடு தொடங்கி இன்று 21 உறுப்பினர்களைக் கொண்ட இவ்வமைப்பு, தன் பணிகளை ஒவ்வொரு நாட்டிலுமுள்ள தேசிய உற்பத்தித்திறன் அமைப்பின் வழியாகவே செய்கிறது. இந்தியாவில் அது 1958-இல் நிறுவப்பட்ட தேசிய உற்பத்தித்திறன் கவுன்சில்; சென்னை அம்பத்தூரிலுள்ள அம்பேத்கர் உற்பத்தித்திறன் நிறுவனம் அதைச் சேர்ந்தது. இலங்கையில் அது தேசிய உற்பத்தித்திறன் செயலகம். ஒரு பயிற்சி நடக்கும் விதத்தைப் பார்த்தாலே போதும். டோக்கியோவிலிருந்து திட்ட அறிவிக்கை தேசிய அமைப்புக்கு வருகிறது. விண்ணப்பிப்பவர் செயலகத்துக்கு நேரே எழுத முடியாது, தேசிய அமைப்புதான் பெயர்களை முன்மொழிய வேண்டும். பயிற்சியை ஏற்று நடத்துவதும் ஏதோ ஒரு நாட்டின் தேசிய அமைப்பே. பயின்றவர் செயல்திட்டம் ஒன்றை எழுதித் தர வேண்டும், ஆறு மாதம் கழித்து முன்னேற்ற அறிக்கை கேட்கப்படும். தாளில் இது குற்றம் காண முடியாத ஏற்பாடு. ஆனால் அந்த அறிக்கையை எழுதுபவர் பயிற்சிக்குச் சென்றுவந்தவர், கேட்டு வாங்குபவர் அவரை முன்மொழிந்தவர். இருவரில் எவருக்கும் ‘ஒன்றும் மாறவில்லை’ என்று எழுதுவதில் ஆதாயம் இல்லை. தொழிற்கூடத்துக்குப் போய்ப் பார்க்கும் மூன்றாமவர் ஒருவருக்கு இந்தச் சங்கிலியில் வழக்கமான இடம் இல்லை.

மேலே போனாலும் இதே முகங்கள்தாம். உறுப்பு நாட்டுக்கு ஓர் இயக்குநர் வீதம் அமரும் ஆட்சிக் குழுவே வரவுசெலவுக்கு ஒப்புதல் தருகிறது. இந்தியாவின் இயக்குநர் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையின் செயலாளர். தேசிய உற்பத்தித்திறன் கவுன்சில் அதே துறையின் கீழுள்ள தன்னாட்சி நிறுவனம். பணத்தை ஒதுக்குபவர், அதைப் பெற்றுச் செலவிடும் நிறுவனத்துக்கு மேலதிகாரி. இது எந்தத் தனியாளின் நேர்மையையும் பற்றிய குற்றச்சாட்டன்று. நேர்மையானவர்களே நிறைந்திருந்தாலும், தன் வீட்டுக் கணக்கைத் தானே தணிக்கை செய்யும் ஏற்பாடு தணிக்கை ஆகாது. தொலைநோக்கு ஆவணத்தின் பெயர் 2025-இலிருந்து 2030-க்கு மாறலாம், அமைப்பின் ‘பசுமை உற்பத்தித்திறன்’ என்னும் திட்டம் இரண்டாம் பதிப்புக்கு வரலாம். இந்த வட்டம் உடையாதவரை அவை அட்டை மாற்றங்களே.

உண்மையான மாற்றம் எப்படியிருக்கும் என்பதற்கு உறுப்பு நாடொன்றிலேயே சான்று உண்டு. கொழும்பு காசல் வீதி மகளிர் மருத்துவமனை, பொருள்களை வகைபிரித்து, ஒழுங்குபடுத்தி, தூய்மையாக்கி, அதையே நியமமாக்கி, பழக்கமாக்கும் ஜப்பானிய ‘5எஸ்’ முறையை 2000-ஆம் ஆண்டையொட்டிக் கையாளத் தொடங்கி, ஜப்பானின் உதவி முகமையே வந்து கற்று ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்கு எடுத்துச் செல்லுமளவுக்கு வளர்ந்தது. அங்கே வேலைசெய்தது ஒரு வாரப் பயிற்சியின் சான்றிதழ் அன்று. பணிப்பாளரும் ஊழியர்களும் ஆண்டுக்கணக்கில் விடாமல் நடத்திய முயற்சி. நோயாளர் விடுதிகளிலும் களஞ்சியங்களிலும் நேரில் நின்று கண்டவர்களால்தான் அது வெளியே பேசப்பட்டது. தலைக்கணக்கில் அப்படிப்பட்ட மருத்துவமனையும், சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியதோடு நின்ற அலுவலகமும் சமம்.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்போர் மணிலாவைப் பார்க்கலாம். அங்கே தலைமையகம் கொண்ட ஆசிய வளர்ச்சி வங்கியின் தனி மதிப்பீட்டுத் துறை, 2004 முதல், வங்கித் தலைவருக்குக் கீழ்ப்படாமல் இயக்குநர் வாரியத்துக்கு நேரடியாக அறிக்கை தருகிறது. அவ்வங்கியிலும் பெரும் பங்குதாரர்களுள் ஒன்று ஜப்பான். இந்தியாவும் இந்தோனேசியாவும் அதே வாரியத்தின் வழியே அந்த ஏற்பாட்டை ஏற்றவைதாம். கடன் தரும் வங்கிக்குத் தேவையானது பயிற்சி தரும் சிறிய அமைப்புக்குக் கட்டுப்படியாகாது என்னும் மறுப்பு முதற்பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் இங்கே கேட்கப்படுவது ஒரு துறையன்று. ஆண்டுக்குச் சில திட்டங்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து, அவற்றில் பங்கேற்றவர்களின் பணியிடங்களுக்கு ஓராண்டு கழித்து, தேசிய அமைப்புகளோடு தொடர்பில்லாத இருவரை அனுப்பி, அவர்கள் எழுதுவதை ஒரு வரிகூடத் திருத்தாமல் ஆட்சிக் குழுவின் முன் வைத்தால் போதும். அதற்கான தொகையைச் செயலகம் தொட முடியாத தனித் தலைப்பாக வரவுசெலவில் ஒதுக்க வேண்டும். ஆய்வுப் பயணங்களுக்கு ஆள்களை நாடுவிட்டு நாடு அனுப்பிவந்த ஓர் அமைப்பு இதற்குப் பணமில்லை என்று சொன்னால், அதை நிதி நெருக்கடி என்று ஏற்பது கடினம்.

தலைமைப் பொறுப்பிலுள்ள நாடு இந்த யோசனையை ஆட்சிக் குழுவில் முன்வைப்பதற்குத் தடையொன்றும் இல்லை. ஆனால் அமைப்பின் திட்டங்கள் ஆட்சிக் குழுவை எட்டுமுன் தேசிய உற்பத்தித்திறன் அமைப்புத் தலைவர்களின் வருடாந்திரக் கூட்டத்தில்தான் பேசி வடிவமைக்கப்படுகின்றன.