கடல்மல்லையில் பிறந்த கதைகள்

மாமல்லபுரத்து மணலில் உட்கார்ந்தால் நாவல் தோன்றும் என்ற நம்பிக்கையைக் கல்கியின் கணக்கில் எழுதுவது நம் வழக்கம். ரசிகமணி டி.கே.சி.யோடு அங்கே உட்கார்ந்திருந்தபோது மாமல்லரும் சிவகாமியும் மனக்கண்ணில் எழுந்ததை அவரே 'சிவகாமியின் சபதம்' முன்னுரையில் சொல்லியிருக்கிறார். ஆனால் அவருக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு கதாசிரியர் அதே கரைக்கு வந்து கதையோடு திரும்பியிருக்கிறார்.

அவர் காஞ்சிபுரத்துத் தண்டி. 1924இல் எம். ராமகிருஷ்ண கவி பதிப்பித்த வடமொழி உரைநடை நூலான 'அவந்திசுந்தரி கதா'வின் தொடக்கத்தில் இது வருகிறது. கடலோரம் பள்ளிகொண்ட திருமாலின் உடைந்த கையைப் பொருத்தியிருக்கிறேன், வந்து பாருங்கள் என்று லலிதாலயர் என்ற சிற்பி அழைக்கிறார். தண்டி போய்ப் பார்க்கிறார். ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. அந்த நேரம் அலையில் மிதந்துவந்த ஒரு தாமரை பெருமாளின் பாதத்தில் பட்டு வித்யாதரனாக மாறி மறைகிறது. அது யார், என்ன என்று அறியும் ஆவலிலிருந்து கதை விரிகிறது. கடற்கரைக் கோயிலின் இரண்டு சிவ சந்நிதிகளுக்கு நடுவே இன்றும் கிடக்கும் பெருமாளே அவர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

எனக்கு இதில் தண்டியைவிடச் சிற்பிமேல்தான் கண். தமிழில் சூத்ரகன் கதையை எழுதியவர் என்றும் லலிதாலயரைத் தண்டி அறிமுகப்படுத்துகிறார். உளி பிடித்த கை எழுத்தாணியும் பிடித்திருக்கிறது. நூல் நமக்குக் கிடைக்கவில்லை. நம் இலக்கிய வரலாறுகளோ அவருக்கு ஒரு வரி ஒதுக்குவதே அபூர்வம்.

கல்கிக்கு அந்தக் கவலை இல்லை. 1944 முதல் 1946 வரை வந்த தொடரை வீடுதோறும் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தார்கள். அப்படிப்பட்ட தொகுதியில் ஓரத்துச் சொற்கள் தையலுக்குள் போயிருக்கும்; பின்பக்கத்து விளம்பரம் பாதியில் அறுந்திருக்கும். 1999இல் நாட்டுடைமையான பிறகு மலிவுப் பதிப்புகள் நடைபாதைக் கடை வரை வந்துவிட்டன. ஆயனரும் சிவகாமியும் கற்பனை என்று சொன்னால் முகம் வாடும் வாசகர்கள் உண்டு. நாவலாசிரியனுக்கு அதைவிடப் பெரிய சம்பளம் எது?

என் குறை வேறு. அதற்குப் பிறகு இங்கே வருகிற எழுத்தாளன் நேரே பாறைக்குப் போகிறான். குப்பத்துப் பக்கம் திரும்புவதில்லை. பெரும்பாணாற்றுப்படைப் புலவர் அப்படியில்லை. அவர் பாடும் நீர்ப்பெயற்றை இந்தக் கரையில் வைப்பவர்கள் உண்டு. குதிரை கொண்டுவந்த கப்பல்களையும், ஏறுவதற்கரிய மாடத்தின் உச்சியில் எரிந்த விளக்கையும் அவர் பார்த்துவைத்தார்.

தென்கரைக்கு வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' என்று வரிசையே இருக்கிறது. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கும் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் நடுவே வலை உலர்த்துகிறவர்களுக்கு அந்த உயரத்தில் ஒரு நாவலை நான் வாசித்ததில்லை. 2004 சுனாமிக்குப் பின் சாளுவன்குப்பத்தில் மண்ணுக்கடியிலிருந்து முருகன் கோயில் வெளிப்பட்டதும் எல்லோரும் செங்கல்லின் வயதைப் பேசினார்கள். அதே அலையில் படகை இழந்தவன் கடன் வாங்கி மறுபடி கடலுக்குப் போனதில் ஐந்நூறு பக்கத்துக்குச் சரக்கு இருக்கிறது.