கரைந்துபோகும் முகம்

நம் விமர்சனங்களில் 'சிதறிய சுயம்' என்று எழுதுவது ரொம்பச் சுலபமாகிவிட்டது. கதையில் ஒரு உடைந்த கண்ணாடி வந்தால் போதும், எழுதிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். ஜனைன் ஆன்டோனியின் 'லிக் அண்ட் லேதர்' படங்களைப் பார்த்தபிறகு அந்தச் சொல்மீதே சந்தேகம் வந்துவிட்டது.

பஹாமாஸில் பிறந்து நியூயார்க்கில் இயங்குபவர் ஆன்டோனி. 1993இல் தன்னையே அச்செடுத்து, ஏழு மார்பளவுச் சிலைகளைச் சாக்லேட்டிலும் ஏழு சிலைகளைச் சோப்பிலும் வார்த்தார். ரோமப் பேரரசர்களுக்கு வைத்த சிலைகளைப் போலப் பீடத்தோடு இருக்கிற வடிவம். பிறகு சாக்லேட் முகங்களை நக்கினார், சோப்பு முகங்களோடு குளித்தார். உளி கிடையாது, நாக்கும் தண்ணீரும்தான். மூக்கு மழுங்கியது, கண்கள் தூர்ந்தன. ஒரே அச்சில் பிறந்த பதினான்கு பேரும் வேறு வேறு ஆட்களாகிப்போனார்கள்.

'அட, இது சும்மா ஸ்டண்ட்' என்றுதான் முதலில் நினைத்தேன். மார்க் க்வின் ஞாபகம் வந்தது. 1991இல் அவர் தன் ரத்தத்தையே உறையவைத்துத் தன் தலையை வார்த்தார். 'செல்ஃப்' என்று பெயர். குளிர்பெட்டிக்குக் கரண்ட் போனால் முகமும் போச்சு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக ஒரு தலை என்று அதைத் தொடர்கிறார். எப்படியாவது தன்னைக் காப்பாற்றி வைத்துவிட வேண்டும் என்கிற பதற்றம் அதில் இருக்கிறது.

ஆன்டோனிக்கு அந்தப் பதற்றம் இல்லை. ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் குழந்தைக்குச் செய்கிற காரியங்கள். அந்தப் பிரியத்திலேயே முகம் அழிகிறது. சாக்லேட் முகங்களில் ஒரு குறும்பு முந்திக்கொள்கிறது. எனக்கு அவை கொஞ்சம் சீக்கிரமே புரிந்துவிடுகின்றன. சோப்பு முகங்கள் அப்படி விடுவதில்லை. சுத்தமாக இரு, இன்னும் சுத்தமாக இரு என்று ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டே இருந்தால் கடைசியில் கழுவப்படுவது அவள் முகம்தான் என்று அவை சொல்கின்றன. பிரியத்துக்கும் வெறிக்கும் நடுவில் கோடு எங்கே என்று அவற்றில் தெரியவில்லை.

தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். அதை யாரும் உடைந்த சோப்பு என்று சொன்னதில்லை. சுயமும் பெரும்பாலும் அப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஒருநாள் விழுந்து சிதறுவதில்லை. தினமும் நம் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. இனி 'சிதறிய' என்று எழுதுமுன் ஒரு நிமிஷம் யோசிப்பேன்.