வகுப்பறை வடிவமைப்பு யாருக்காக?

பாடசாலைக் கண்காட்சிகளுக்குச் செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். ரெஜிபோமில் வெட்டி ஒட்டிய வீடு. பச்சைச் சாயமிட்ட மரத்தூளாலான புற்றரை. வாயிலிலே ஒரு விளையாட்டுக் கார். “இவ்வீட்டில் யார் வாழ்கிறார்கள்? சமையற் புகை எவ்வழியே வெளியேறும்?” என நாம் வினவினால், அதனைச் செய்த மாணவன் திகைத்து நிற்கிறான். அவனைக் குறைகூறிப் பயனில்லை. அவ்வினாவை அவனிடம் எவரும் முன்னர் கேட்டதில்லை. ஒப்படைக்குப் புள்ளி உண்டு. புள்ளிக்கு வீடு வேண்டும். அவ்வீட்டுக்கு மனிதர் மட்டும் வேண்டியதில்லை.

வடிவமைப்புக் கல்விபற்றிப் பேசுவோர் ஜேர்மனியின் பௌஹவுஸ் கல்லூரியை முன்மாதிரியாகக் காட்டுவது வழக்கம். 1919இல் வைமார் நகரிலே குறோப்பியஸ் என்னும் கட்டடக் கலைஞரால் தொடக்கப்பெற்று, 1925இல் டெஸாவுக்குப் பெயர்ந்து, 1933இல் நாஸிகளின் நெருக்குதலால் பேர்லினில் மூடப்பட்ட அக்கல்லூரி பதினான்கு ஆண்டுகளே வாழ்ந்தது. எனினும் கட்டடம், நெசவு, தளபாடம், உலோகவேலை, அச்சு ஆகிய துறைகளில் அதன் செல்வாக்கு இன்றும் மறையவில்லை. அக்கல்லூரியின் வகுப்பறைப் பயிற்சிகளுள் எதனை நாம் ஏற்பது, எதனோடு நின்றுவிடலாகாது என்பதே ஈண்டு எமது ஆய்வு.

அங்கு ஆரம்ப வகுப்பை நடத்திய ஜோசப் அல்பேர்ஸின் காகிதப் பயிற்சி பெரும் புகழ் வாய்ந்தது. அவருடைய மாணவரான ஹன்னஸ் பெக்மன் அதனைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். ஆசிரியர் ஒரு கட்டுப் பத்திரிகைத் தாள்களுடன் வகுப்புக்கு வந்தார். காகிதத்தின் இயல்பை மதித்து, வீண்விரயமின்றி, இயன்றவரை கருவிகளும் பசையுமின்றி ஏதேனும் செய்யுமாறு பணித்துச் சென்றார். மாணவர் கோட்டைகளும் கப்பல்களும் விலங்குகளும் செய்தனர். அவை வேறு பொருள்களில் இன்னும் நன்றாக அமையும் என அல்பேர்ஸ் அவற்றை ஒதுக்கினார். தாளை நீளவாக்கில் மடித்து இரு சிறகுகள்போல நிறுத்திய ஒருவரின் வேலையையே அவர் பாராட்டினார். கிடக்கும்போது துவளும் தாள் மடிப்பினால் விறைப்புற்று நிற்கிறது என்னும் உண்மையை அம்மாணவர் கண்டிருந்தார்.

இப்பயிற்சியின் நேர்மையை நாம் மறுக்கவில்லை. பழைய பத்திரிகைத் தாளே போதும் என்பதால், வறிய பாடசாலையும் இதனை நடத்தலாம். விலைகொடுத்து வாங்கிய ரெஜிபோமைவிட மடித்த தாள் ஆயிரம் மடங்கு மேலானது. ஆயினும் அத்தாள் யாருக்காக நிற்கிறது? பொருளை அறிந்த மாணவன் மனிதரை இன்னும் அறியவில்லை. ஆசிரியரின் பாராட்டுடன் பயிற்சி முடிந்துவிடுகிறது.

அடுத்த படியை அதே கல்லூரியிற் காண்கிறோம். 1928இல் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஹன்னஸ் மேயர், செல்வரின் ஆடம்பரத்துக்கு முன்னர் மக்களின் தேவையை வைத்தார். பேர்லினுக்கு அண்மையிலுள்ள பேர்ணாவ் என்னும் இடத்திலே தொழிற்சங்கக் கூட்டமைப்பின் கல்லூரியை 1928 முதல் 1930 வரை அவரும் ஹான்ஸ் விற்வரும் அமைத்தபோது மாணவரும் அப்பணியிற் பங்குகொண்டனர். பயில வரும் 120 தொழிலாளர் எவ்வாறு கூடி வாழ்வர் என்னும் வினாவே திட்டத்தின் வித்தாயிற்று. அறைக்கு இருவர், குழுவுக்குப் பதின்மர் என்ற கூட்டுவாழ்வின் கணக்கே கட்டடத்தின் உருவமாகப் பரிணமித்தது. டெஸாவின் புறநகரான ரேர்ற்றனிலும், மேயரின் வழிகாட்டலிற் கட்டடப்பகுதி மாணவர் குறைந்த வாடகைக் குடிமனைகளை வடிவமைத்தனர். 1930இல் ஐந்து தொகுதிகளாக 90 வீடுகள் எழுந்தன. வகுப்பறையில் வரைந்த கோடு தவறினால் ஒரு குடும்பம் அதன் பயனை அனுபவிக்கும் என்பதை அம்மாணவர் அறிந்திருந்தனர். புள்ளியினால் இவ்வறிவைப் புகட்டவியலாது.

பேர்ணாவ் கல்லூரியின் மண்டபத்திலே எதிரொலி இடர்செய்தது. அதனைத் தீர்க்கும் பணியை நெசவுப்பகுதி மாணவி அன்னி அல்பேர்ஸ் ஏற்றார். ஒருபுறம் ஒலியை உறிஞ்சவும் மறுபுறம் ஒளியைத் தெறிக்கவும் வல்லதாக, பருத்தியையும் செலோபேனையும் இணைத்துச் சுவர்த்துணி நெய்தார். 1930இல் அவருக்குப் பட்டயம் பெற்றுக்கொடுத்ததும் அத்துணியே. புதுமை பேசிய அக்கல்லூரி பெண்களைப் பெரும்பாலும் நெசவறைக்கே அனுப்பியதென்பதையும் நாம் மறைக்கலாகாது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட அறையிலிருந்தே இத்தகைய விடை பிறந்தது.

மேயரின் குறையையும் கூறவேண்டும். பயன்பாடும் சிக்கனமும் கூடினால் வடிவம் தானே கிட்டும், அதிலே கலைக்கு இடமில்லை என அவர் வாதித்தார். இது மிகைக் கூற்று என்பது எமது துணிபு. அன்னியின் துணி ஒலியை அடக்கியதோடு ஒளிரவும் செய்தது. தொழிலாளி அமரும் மண்டபம் அழகாயிருத்தல் ஆடம்பரம் ஆகாது. அழகும் மக்களின் தேவைகளுள் ஒன்றே.

1930இல் டெஸா நகர ஆட்சி, அரசியற் காரணங்காட்டி மேயரைப் பதவிநீக்கியது. 1933இல் பேர்ணாவ் கல்லூரியை நாஸிகள் கைப்பற்றித் தம் படையினரின் பயிற்சிக்கு ஆக்கினர். பேர்ணாவும் ரேர்ற்றன் குடிமனைகளும் 2017இலேயே உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. வைமார், டெஸா நகர்களின் ஏனைய பௌஹவுஸ் கட்டடங்கள் 1996இலேயே அப்பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. பௌஹவுஸ் என்றதும் உருக்குக் குழாய் நாற்காலியை நினைப்போர் பலர்; தொழிலாளருக்காக மாணவர் செய்த பணியை நினைப்போர் சிலர். செல்வர் வீட்டு வரவேற்பறையை அடைந்த பொருளே வரலாற்றிலும் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டது.

எமது வகுப்பறைக்கு இதனால் வரும் பாடம் யாது? ஜேர்மன் வடிவங்களை நகல்செய்வது வீண். அவ்வினாவையே நாம் கைக்கொள்ளவேண்டும். தையல் பயிலும் மாணவி, பாரமான நூல்களைச் சுமக்கும் ஆறாம் வகுப்புச் சிறுமிக்கு ஒரு பை தைக்கட்டும். மரவேலை பயில்வோன், வாங்கிலே முதுகு வளைந்து எழுதும் தன் தோழனுக்கு ஒரு மேசை செய்யட்டும். சித்திரம் பயில்வோன், எழுத்தறியாத முதியோரும் விளங்கிக்கொள்ளக்கூடிய மருந்தக அறிவித்தலை வரையட்டும். மூவரும் முதலிற் சென்று கேட்கவேண்டும், செய்ததைக் கொடுத்துப் பார்க்கவேண்டும், பிழையெனின் திருத்தவேண்டும். புள்ளியிடும் உரிமையில் ஒரு பங்கு அச்சிறுமிக்கும் முதியவருக்கும் உரியதாகட்டும்.

அடுத்த கண்காட்சியிலே ரெஜிபோம் வீடுகள் குறைந்தால் நாம் வருந்தமாட்டோம். “இதனை யாருக்குச் செய்தாய்?” என்ற வினாவுக்கு ஒரு மாணவனாவது ஒரு மனிதரின் பெயரைச் சொல்வானாயின், அன்று அவ்வகுப்பிலே வடிவமைப்புக் கல்வி தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.