வாங்க, ஓலைக் கொட்டான் முடையலாம்!

விடுமுறை நாள் வந்தாலே எனக்குக் கை பரபரக்கும். முதல் நாள் இரவே குருத்தோலை வார்களை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுவேன். காலையில் காபி குடித்த கையோடு பால்கனியில் பாய் விரித்து உட்கார்ந்தால், சாப்பாட்டுக்கு யாராவது நாலு தடவை கூப்பிட்டால்தான் எழுந்திருப்பேன். எழும்போது எதிரே ஒரு ஓலைப் பெட்டி, அதாவது கொட்டான், நிற்கும். அதில் ஆணி இல்லை, பசை இல்லை, நூல் இல்லை. கத்தி, தண்ணீர், ஓலை, பத்து விரல், இவ்வளவுதான் மூலதனம். அந்தப் பெட்டியை ஒருவர் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, மூடியைத் திறந்து மூடி, “இது எவ்வளவுங்க?” என்று கேட்கிறாரே, அந்த நிமிஷத்துக்கு ஈடாக வேறொன்றை நான் இன்னும் பார்க்கவில்லை!

கைவேலை எத்தனையோ இருக்கிறது. களிமண் கம்மல், பட்டுநூல் வளையல், குரோஷா, ஆரி எம்ப்ராய்டரி என்று என் தோழிகள் ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். எல்லாமே அழகுதான். ஆனால் என்னைக் கேட்டால் பனை ஓலைக்குத்தான் முதல் ஓட்டு. பொருள் இந்த மண்ணிலேயே முளைக்கிறது. வேலை கற்றுக்கொடுக்கப் பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்த பொருள் உடைந்து வீணானாலும் மண்ணோடு மண்ணாகிவிடும். வேறென்ன வேண்டும்?

முதலில் ஓலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பனை உச்சியில், விரிவதற்கு முன்னால் மடித்த விசிறி மாதிரி நிமிர்ந்து நிற்கிறதே, அதுதான் குருத்து. வெயில் உள்ளே படாததால் பச்சையம் ஏறியிருக்காது. பிரித்தால் தந்த நிறத்தில் பளபளவென்று இருக்கும். விரிந்து பச்சையேறிய சாரோலை வேலி அடைக்க, கூரை வேய, கடகம் முடைய ஆகும். கொட்டான் மாதிரி நுணுக்கமான வேலைக்குக் குருத்தோலைதான் வேண்டும். பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று என்பதால் விவரமான பனையேறிகள் ஒரே மரத்தில் மேலும் மேலும் குருத்து வெட்ட மாட்டார்கள். மரத்துக்கு மரம் மாறி அளவாகத்தான் எடுப்பார்கள். எனக்கு ஓலை தருபவரும் அப்படித்தான். “மரம் நல்லாருந்தாத்தானே அடுத்த வருஷமும் உங்களுக்கு ஓலை” என்பார்.

குருத்தை வெயிலில் காயப்போட்டு, நடுவிலுள்ள ஈர்க்கைக் கிழித்தெடுத்துவிட்டு, ஓலையை ஒரே அகலத்தில் வார வேண்டும். ஓலையின் நரம்புகள் எல்லாம் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. அதனால் கத்தி நுனியால் ஒரு கீறல் போட்டு இழுத்தால் போதும், கோடு பிசகாமல் சரசரவென்று பிரிந்துகொண்டே வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் வாரிக்கொண்டே இருப்பேன்! காய்ந்த ஓலை மடித்தால் ஒடியும். தண்ணீரில் ஊறிவிட்டால் எப்படி வளைத்தாலும் வளையும். முடைந்து முடித்துக் காயவிட்டால் வளைந்த இடத்திலேயே இறுகி நின்றுகொள்ளும். பெட்டிக்கு உறுதி வருவது இப்படித்தான்.

நிறம் வேண்டுமானால் சாயத்தைக் கொதிக்கவிட்டு வார்களை அதில் முக்கி எடுக்கலாம். கருஞ்சிவப்பும் பச்சையும் குருத்தின் வெள்ளையோடு சேர்ந்தால் அள்ளிக்கொண்டு போகும். மஞ்சள்தூளில் அருமையான நிறம் வரும், ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும். பூஜையறைக்கு என்று கேட்பவர்களுக்கு மட்டும் அதைப் போட்டுத் தருகிறேன்.

இனி, என்னைச் சொக்க வைத்த இடத்துக்கு வருகிறேன். பெட்டியின் அடிப்பாகத்தைத் தொடங்கும்போது வார்களைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ் என்று மாற்றி மாற்றிக் கோத்து ஒரு சதுரப் பாய் முடைகிறோம். அந்தச் சதுரத்தின் நான்கு மூலைகள்தான் பெட்டிக்கும் மூலைகள் ஆகும் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் நினைப்பார்கள். கிடையாது! சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நட்டநடுவில் இருக்கிற இரண்டு வார்களை எடுத்து, ஒன்றுக்கொன்று குறுக்கே போட்டு இறுக்க வேண்டும். சட்டென்று அங்கே ஒரு மூலை எழுந்து நிற்கும். நான்கு பக்கத்திலும் அப்படிச் செய்து முடித்தால், பாயின் பாதிப் பரப்பு அடியாகத் தங்கிவிடும். மீதியுள்ள நான்கு முக்கோணங்களும் மடங்கி மேலேறிச் சுவராகிவிடும். தரையில் தட்டையாகக் கிடந்தது கண்ணெதிரே பெட்டியாகிறது. இப்படி முடைந்த பெட்டியின் சுவரில் பின்னல் எப்போதும் சாய்வாக ஓடுவதற்கு இதுதான் காரணம். பாயின் பக்கத்தோடு நேராக ஓடிய வார் சுவரில் ஏறும்போது சாய்ந்துவிடுகிறது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் கணக்கு எனக்கு இவ்வளவு இனித்ததில்லை. அந்த மூலை எழும்போது இன்றைக்கும் எனக்குள் ஒரு சந்தோஷம் குதிக்கிறது.

வேண்டிய உயரம் வந்ததும் வார்களை விளிம்பில் மடித்துக் கீழ்நோக்கித் திருப்பி, ஏற்கெனவே முடைந்த பின்னலுக்குள்ளேயே செருகிக்கொண்டு வர வேண்டும். சுவர் இரட்டையாகும். வார்நுனி ஒன்றுகூட வெளியே தெரியாது. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தேடினாலும் கிடைக்காது. மூடிக்கும் இதே வேலைதான், ஒரு இம்மி அகலம் கூடுதலாக இருந்தால் போதும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ராமநாதபுரம் பக்கத்துப் பாட்டி ஒருவர். சின்ன வயதிலிருந்து முடைகிற கை அது. பேசிக்கொண்டே, வெற்றிலை மென்றுகொண்டே, பேரனை அதட்டிக்கொண்டே, ஓலையைப் பார்க்காமல் முடைவார். நான் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது என் கையை மெல்லப் பிடித்து, “தாயி, இழுக்காத. கொஞ்சம் விட்டுக்குடு, அதுவா வந்து ஒக்காரும்” என்றார். விட்டுக்கொடுத்தேன். அதுவாக வந்து உட்கார்ந்தது! இப்போது நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் முதல் பாடம் அதுதான்.

செட்டிநாட்டில் இந்தக் கொட்டானுக்குப் பெரிய மரியாதை உண்டு. கல்யாணத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் பலகாரமும் கொட்டானில் வைத்துத்தான் கொடுப்பார்கள். ஆச்சிமார்கள் தாங்களே முடைந்து, விளிம்பில் மணியும் குரோஷாவும் வைத்து அலங்கரித்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் வீட்டில் ஓய்ந்த நேரத்தில் ஆசைக்காகச் செய்த கைவேலைதானே! பிளாஸ்டிக் கூடை வந்ததும் அந்தப் பழக்கம் தேய்ந்துபோனது. விசாலாட்சி ராமசாமி 2000ஆம் ஆண்டில் தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டெடுத்தது. யுனெஸ்கோவின் சிறப்பு முத்திரை கிடைத்தது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. காரைக்குடிப் பக்கம் போகும்போதெல்லாம் பழைய கொட்டான் கண்ணில் பட்டால் நான் நகர மாட்டேன். எத்தனை நெருக்கமான பின்னல், எத்தனை நிறக் கட்டங்கள்!

தெற்கே இறங்கினால் ஓலை இன்னும் வாழ்க்கையோடு ஒட்டியிருக்கிறது. திருச்செந்தூர் போனால் சில்லுக்கருப்பட்டியை ஓலைப் பெட்டியில் வாங்கி வரலாம். பதநீரைப் பனை ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடித்தால்தான் அதற்கு மணம். கன்னியாகுமரி மாவட்டத்தில் திருக்கார்த்திகைக்குக் கொழுக்கட்டை வேவது ஓலைக்குள்தான். கடலோர மணப்பாட்டில் ஓலைப் பொருள் செய்யும் பெண்களுக்குக் கூட்டுறவுச் சங்கமே இருக்கிறது. 1978இல் பனையை மாநில மரமாக அறிவித்தார்கள். அறிவிப்புக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பிருந்தே அது நம் வீட்டு மரம்தான். சங்க இலக்கியம் நமக்கு வந்து சேர்ந்ததே ஓலைச்சுவடியில்தான். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடிய சுவடிகளும் பனை ஓலைதான். அதே ஓலை இன்று என் மடியில் பெட்டியாகிறது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமை தாங்காது.

சரி, விற்பனைக்கு வருவோம். ‘ஆசைக்குச் செய்கிறாய், அப்புறம் எதற்குக் காசு?’ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நான் அடித்துச் சொல்கிறேன்: விற்கத் தொடங்கிய பிறகுதான் என் கைவேலை வேலையாகவே ஆனது. வீட்டு அலமாரிக்கு எத்தனை பெட்டி வேண்டும்? நாலு நிறைந்ததும் கை நின்றுவிடும். இன்னொருவருக்கு என்று செய்யும்போதோ, மூடி சரியாகப் பொருந்த வேண்டும், அளவு ஒன்றுபோல் இருக்க வேண்டும், சாயம் ஒட்டக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கவனிக்கிறோம். வாங்குகிறவர் கேட்கிற கேள்விதான் அடுத்த பொருளைச் சொல்லித்தருகிறது. ஒரு வளைகாப்புக்குக் கொட்டான் வாங்க வந்த பெண், “அக்கா, வளையல் வைக்கிற மாதிரி வட்டமா, தட்டையா வருமா?” என்று கேட்டாள். அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. இப்போது என்னிடம் அதிகம் போவது அந்த வளையல் பெட்டிதான்.

வாங்க ஆளும் இருக்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. கல்யாணத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் தாம்பூலத்தை எதில் போட்டுக் கொடுப்பது என்று யோசிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அங்கேதான் நம் கொட்டான் நிற்கிறது. நவராத்திரிக்கு முன்னால் சின்னக் கொட்டான் கேட்பார்கள், வெற்றிலை பாக்கு, குங்குமம் வைத்துக் கொடுக்க. தீபாவளிக்குப் பலகாரப் பெட்டி. பொங்கலுக்குக் கிலுகிலுப்பை, குழந்தைகளுக்கு! இயற்கைச் சந்தை, அடுக்குமாடிக் குடியிருப்பின் விழா, கல்லூரிக் கண்காட்சி, எங்கே ஒரு மேஜை கிடைத்தாலும் நான் கடை போட்டுவிடுவேன். அங்கேயே உட்கார்ந்து முடையவும் செய்வேன். செய்வதைப் பார்த்தவர் பேரம் பேசுவதே இல்லை. அந்த மூலை எழுகிற வித்தையைக் காட்டினால் குழந்தைகள் சுற்றி உட்கார்ந்துவிடும், பின்னாலேயே பெற்றோர் வருவார்கள்.

விலை விஷயத்தில் நான் ரொம்பப் பிடிவாதக்காரி. ஓலை, சாயம், போக்குவரத்து, கூட நம்முடைய நேரம், இந்த நான்கும் விலையில் இருந்தாக வேண்டும். ‘பொழுதுபோக்குத்தானே’ என்று நேரத்துக்கு விலை போடாமல் விற்றால் இரண்டு பேருக்கு நஷ்டம். ஒன்று நமக்கு. அதைவிட முக்கியம், இதையே பிழைப்பாக வைத்திருக்கும் பெண்களுக்கு. மாதச் சம்பளம் வாங்குகிற நான் ஒரு பெட்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டால், நாளை அந்த ராமநாதபுரத்துப் பாட்டியிடமும் அதே விலைக்குத்தான் கேட்பார்கள். அவர் கூலியை நான் பறித்த மாதிரி ஆகாதா? அதனால் தொழிலாகச் செய்பவர்கள் என்ன விலைக்கு விற்கிறார்களோ அதற்குக் கீழே நான் இறங்குவதே இல்லை. பெரிய ஆர்டர் வந்தால் நேராக அவர்களுக்கே திருப்பிவிடுவேன். நூறு கல்யாணக் கொட்டானை நான் ஒருத்தி இரவு பகலாகச் செய்வதைவிட, நூறு பெட்டிக்கான கூலி ஒரு ஊருக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு நல்லது! ஓலைக்கும் கேட்ட விலையைக் கொடுத்துவிடுங்கள். பதநீர்ப் பருவம் முடிந்த பிறகு பனையேறிக்கு வருமானம் தருவதில் ஓலைக்கும் ஒரு பங்கு உண்டு. பனை ஏறுகிறவர் இருந்தால்தான் குருத்து நம் கைக்கு வரும்.

விற்கும்போது பராமரிப்பையும் சொல்லிக்கொடுப்பேன். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும், அவ்வப்போது இளவெயிலில் காட்டி எடுக்க வேண்டும். அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். ஓலை வருஷம் போகப் போகத் தேன் நிறத்துக்கு மாறும். புதிதாக இருந்ததைவிட அப்போது இன்னும் அழகு என்பது என் கட்சி. பழைய பெட்டியைக் கொண்டுவந்து காட்டி, “பாருங்க, எப்படி நிறம் மாறியிருக்கு!” என்று சொல்கிற வாடிக்கையாளர்கள் எனக்கு இருக்கிறார்கள். விற்ற பொருளைப் பற்றி வாங்கியவரே பெருமையடித்துக்கொண்டு வந்து நிற்பதைவிட ஒரு கைவேலைக்காரிக்கு என்ன பரிசு வேண்டும்!

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? பெரிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். கருப்பட்டிக்கடைக்காரரையோ பதநீர் விற்பவரையோ கேளுங்கள், குருத்தோலைக்கு வழி சொல்வார். முதலில் நாலு விரல் அகலத்தில் ஒரு சதுரப் பாய், பிறகு மூடியில்லாத சின்னப் பெட்டி. இறுக்கி இழுக்காதீர்கள், விட்டுக்கொடுங்கள். பெட்டி வந்ததும் யாருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடாமல், உங்கள் தெருவில் நடக்கிற அடுத்த விழாவில் ஒரு மேஜை கேட்டு வாங்கி, விலைச் சீட்டு ஒட்டி வையுங்கள். முதல் ஆள் வந்து “எவ்வளவு?” என்று கேட்கும்போது தயங்காமல், குரலைத் தாழ்த்தாமல், முழு விலையைச் சொல்லுங்கள். கொடுப்பார்கள், நிச்சயம் கொடுப்பார்கள்!