வெறுங்காலின் வலிமையும் எல்லையும்

1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கால்பந்துக் கேடயத்தின் இறுதி ஆட்டம் நடந்தது. ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டின் சிப்பாய்கள் பூட்ஸ் போட்டு ஆடினார்கள். எதிரே நின்ற மோகன் பகான் அணியில் பத்துப் பேர் வெறுங்காலோடு இருந்தார்கள். கல்லூரி ஆசிரியர் சுதீர் சாட்டர்ஜியின் காலில் மட்டும் பூட்ஸ். முதலில் ஒரு கோல் வாங்கிய மோகன் பகானுக்கு அணித்தலைவர் ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்து கொடுத்தார். ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட, 2-1 என்று கேடயம் முதல்முறையாக ஓர் இந்திய அணிக்கு வந்தது.

வங்காளத்தில் கால்பந்து பள்ளி, கல்லூரித் திடல்களில் வேர்விட்ட ஆட்டம். ஹேர் பள்ளி மாணவராக இருந்தபோதே அதைத் தன் தோழர்களிடம் பரப்பியவர் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. 1911 பருவத்தின் முதல் சுற்றில் மோகன் பகான் வென்றதும் புனித சேவியர் கல்லூரி அணியைத்தான், 3-0 என்று. பிறகு ரேஞ்சர்ஸ், ரைஃபிள் பிரிகேட். அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டோடு 1-1 என்று சமன். மறு ஆட்டத்தில் 3-0. ஒரு தற்செயல் வெற்றியைக் கொண்டு இத்தனை படி ஏற முடியாது. வெறுங்கால் ஆட்டத்துக்கு உண்மையான வலிமை இருந்தது.

அந்த வலிமை பந்தைத் தொடும் விதத்தில் இருந்தது. தோலுக்கும் பந்துக்கும் நடுவே எதுவும் இல்லாதபோது, பந்து எவ்வளவு உருளும், எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் பாதமே சொல்லிவிடும். கட்டைவிரலால் லேசாகத் தட்டி, உள்ளங்காலால் இழுத்து, ஓட்டத்தின் நடுவே சட்டென்று திசை மாற முடியும். அன்றைய பூட்ஸ் கணுக்காலை மூடும் கனத்த தோல் சாதனம். அதைப் போட்டுக்கொண்டு திரும்புவதற்கே நேரம் பிடிக்கும். குட்டையான பாஸ், வேகம், வளைந்து நெளிந்து போகும் ஓட்டம் என்று வங்காளிகள் தங்கள் காலுக்கு ஏற்ற ஆட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொண்டார்கள். அது அறிவார்ந்த ஆட்டம். ஏழ்மையின் அடையாளமாக மட்டும் அதைப் பார்ப்பவர்கள் அந்தக் கலையை அவமதிக்கிறார்கள்.

ஆனால் கேடயப் போட்டி அப்போது நடந்ததோ ஜூலையில், வங்காளத்து மழைக்காலத்தில். தரை சேறானால் வெறும் பாதத்துக்குப் பிடி கிடையாது. தோல் பந்து நீரைக் குடித்துக் கல்லாய்க் கனக்கும். அதைத் தொலைவுக்கு உதைத்தால் விரல் பெயரும். ஆணி வைத்த பூட்ஸ் பாய்ந்து வரும்போது காலை விலக்கத்தான் உடம்பு சொல்லும். மோகன் பகான் மறுபடி அந்தக் கேடயத்தை வென்றது 1947-இல். நடுவே 36 ஆண்டுகள். காலை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 1914 வரை அந்தக் கிளப்புக்குக் கல்கத்தா லீக்கில் இடமே தரப்படவில்லை. இருந்தாலும் ஈரத் தரையில் வெறுங்கால் தோற்கும் என்பது அந்நாளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அதற்கு விடையும் கல்கத்தாவிலேயே கிடைத்தது. 1930-களில் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப் மழை நாளில் தன் ஆட்டக்காரர்களுக்கு பூட்ஸ் மாட்டிவிட்டது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் லீக் பட்டம் அவர்களுக்கே. அந்தப் பாடத்தை நாடு முழுவதும் அப்போதே எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுத்துக்கொள்ளவில்லை. 1911 வெற்றி வெறுங்காலை ஒரு தேசப் பெருமையாக மாற்றிவிட்டதே காரணம் என்று நினைக்கிறேன்.

வெறுங்கால் எப்போது பெருமைக்குரியது என்று யோசிக்கும்போது திண்டிவனம் பக்கத்து மேல்சித்தாமூரின் நினைவு எனக்கு வருகிறது. தமிழ்ச் சமணரின் ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர் அது. திகம்பரத் துறவி வெறுங்காலோடு நடப்பது அவர் தெரிந்தே ஏற்ற விரதம். சுடும் தார்ச்சாலையிலும் அதை அவர் மாற்றமாட்டார். அதே பக்கத்துக் கரம்பில் செருப்பைக் கழற்றிப் போட்டுப் பந்து உதைக்கும் பையனுக்கு அப்படி எந்த விரதமும் இல்லை. பூட்ஸ் வாங்க வழியிருந்தால் வாங்கிக்கொள்வான். ஆட்டக்காரனின் வெறுங்காலை விரதம்போல் போற்றியதுதான் பெரும்பிழை. அந்தப் போற்றுதலுக்கு விலை கொடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றது. இரண்டு பெனால்டிகள் வீணாயின. அத்தனை நெருக்கமான தோல்வி என்பதால் பாராட்டுதான் மிஞ்சியது. குறையை யாரும் தேடவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1952-இல், ஹெல்சிங்கியின் குளிரில் யுகோஸ்லாவியா 10-1 என்று நொறுக்கியது. பூட்ஸ் கட்டாயம் என்று இந்தியக் கால்பந்து சம்மேளனம் முடிவெடுத்தது அதன் பிறகே. முகமதன் ஸ்போர்ட்டிங்கின் முதல் பட்டத்துக்கும் இதற்கும் இடையே 18 ஆண்டுகள்!

பூட்ஸ் வந்ததும் பழைய கலை செத்துவிடவில்லை என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சையத் அப்துல் ரஹீம் பயிற்றுவித்த அணி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பிடித்தது. நெவில் டிசோசா அதில் மூன்று கோல் அடித்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தித் தங்கம் வந்தது. அந்தத் தலைமுறையின் பலர் சிறு வயதில் வெறுங்காலோடு பந்து பழகியவர்கள். பந்தின் மீது அவர்களுக்கு வாய்த்த அந்தத் தொடுகை பூட்ஸுக்குள்ளும் அப்படியே இருந்தது.