உழவாரம் பிடித்த கை

கோயிலுக்கு எதற்காகப் போகிறோம் என்று யாராவது கேட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலைச் சுத்தம் செய்யும் உழவாரப்பணிக்குப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அடடா, அந்தச் சுகத்தை அனுபவித்தால்தான் தெரியும்!

காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றின் சிவன் கோயில். பிராகாரம் முழுக்க நெருஞ்சியும் நாயுருவியும் மண்டிக் கிடந்தன. மண்வெட்டியும் துடைப்பமுமாக எல்லோரும் பிரிந்து போக, எனக்கு வாய்த்தவர் நந்தி! வருடக்கணக்கில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கில் முகமே தெரியாமல் கறுத்திருந்தார். அரிசி மாவைத் தூவி, ஊறவிட்டு, தேங்காய் நாரால் மெல்லத் தேய்த்து வெந்நீர் ஊற்றினோம். (கல்லில் கம்பி பிரஷ் படவே கூடாது. சிற்பமும் கல்வெட்டும் பாழாகிவிடும்.) முதலில் கழுத்து மணி ஒன்று தெரிந்தது. பிறகு அடுத்தது. அப்புறம் மூக்கு மடிப்பில் சிற்பி இழுத்த மெல்லிய உளிக்கோடு! அம்மாடி, உடம்பே சிலிர்த்துவிட்டது. எவ்வளவு நேரம் போனது, தேய்ப்பது யார் என்ற நினைப்பே இல்லை. பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்தவர் என்ன வேலை பார்க்கிறார் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று எனக்கு மறந்துபோன அந்த ‘நான்’ இருக்கிறதே, உயிரைப் பிடித்திருக்கும் அந்த ஆணவ மலத்தைப் பற்றிச் சைவ சித்தாந்தம் எவ்வளவோ பேசுகிறது. அது கரைவதற்குத்தான் இத்தனை வழிபாடும். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு படிகளில் கூட்டுவதும் மெழுகுவதும் பூத்தொடுப்பதும் சரியை. முதல் படிதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் 12 சூத்திரங்கள். ஞானம் கைவந்தவருக்கும் கடைசிச் சூத்திரம் சொல்வது அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் என்றே தொழு என்பதுதான்! படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும்.

சரியை என்ற இந்தப் படிக்கு அரசர் நம் அப்பர் பெருமான். பாட்டால் ஊரையே உருக்கியவர் கையில் கடைசிவரை புல் செதுக்கும் உழவாரப்படை இருந்தது. திருப்புகலூரில் அவர் புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் நவமணியும் கிடக்க, பருக்கைக் கல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். கல்லும் பொன்னும் ஒன்றாகத் தெரிந்த அந்த மனசுக்குத்தானே நாமும் ஏங்குகிறோம்?

அவருக்கு முன்னோடி அக்கா திலகவதியார். சூலை நோயில் துடித்து வந்து விழுந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்து, விடியுமுன் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போனபோதும் அந்த அம்மா கையில் கூட்டுவதற்கான திருவலகும் மெழுகுவதற்கான தோண்டியும் இருந்தன. என்ன பெண்மணி! பண்ருட்டிப் பக்கம் போனால் திருவதிகையில் இறங்கிவிடுங்கள். அங்கே அவருக்குத் தனிச் சந்நிதியே இருக்கிறது. கோயில் அலுவலகத்தில் அனுமதி கேட்டு, ஒரு மூலையையாவது கூட்டிவிட்டு வாருங்கள்.